இரண்டு குழுக்கள் ஒன்றாகும்போது: முதல் ஆறு வாரத்தில் செய்ய வேண்டியவை

துறைகளை இணைத்துப் புதிய அமைப்பு வரைபடத்தை வெளியிட்ட சில நாட்களிலேயே வேலை தடுமாறத் தொடங்கும். பெரும்பாலும் அதற்குக் காரணம் மனக்கசப்பு அல்ல. எந்த வேலை யாருடையது என்ற குழப்பம்தான். வரைபடத்தில் பதவிகள் இருக்கும், வேலைகள் இருக்காது.

அதனால் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் தாம் செய்யும் வேலைகளை எழுதச் சொல்லுங்கள். தினசரி, வாராந்திரம், மாதாந்திரம், ஆண்டுக்கு ஒருமுறை என நான்கு பிரிவு போதும். அதிகம் விடுபடுவது கடைசிப் பிரிவு: உரிமம் புதுப்பித்தல், தணிக்கைக்கு ஆவணம் திரட்டுதல் போன்றவை. பதவி விவரத்தில் இல்லாதவற்றையும் கேட்டு வாங்குங்கள். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது, கோபமாகப் பேசும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது, கணக்கு ஒத்துப்போகாதபோது பிழையைத் தேடிப் பிடிப்பது எல்லாம் வேலைதான். அதைச் செய்தவர் இடம் மாறிய பிறகே அப்படியொரு வேலை இருந்தது மற்றவர்களுக்குத் தெரியவரும்.

பட்டியல் வந்ததும் ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். இரண்டு பெயர் இருந்தால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டுவிடுவார்கள். பெயர் எழுதப்பட்டவர் விடுப்பில் போனால் அந்த வேலையை யார் பார்ப்பது என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். முடிவெடுப்பவர் யார், முடிவுக்கு முன் யாரைக் கேட்க வேண்டும், முடிந்தபின் யாருக்குச் சொன்னால் போதும் என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

பொறுப்பு ஒப்படைப்பில் குறிப்பு எழுதிக் கொடுப்பது பாதிதான். புதியவர் செய்ய, பழையவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அதுவும் ஒரு முழுச் சுற்று. மாதாந்திர வேலை என்றால் ஒரு மாதக் கடைசி கடந்தாக வேண்டும். புதியவர் கணினியில் நுழைந்து வேலையை முடித்துக் காட்டும்வரை பழையவரின் அனுமதியை நீக்காதீர்கள்.

இரண்டு மேலாளர்கள் முரணாகச் சொன்னால் எதைக் கேட்பது என்ற சுமையை ஊழியர் தலையில் வைப்பது நியாயமே இல்லை. மேலாளர்கள் இருவரும் பேசி ஒரு வேலை நாளுக்குள் ஒரே பதில் தர வேண்டும்.

ஒரே வேலையை இரு குழுவும் இரு விதமாகச் செய்துவந்தால், பெரிய குழுவின் முறையை அப்படியே திணிக்காதீர்கள். அண்மையில் முடித்த ஒரு வேலையை எடுத்து இரு முறையிலும் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படியும் ஏன் வந்தது என்று கேளுங்கள். தேவையற்றதாகத் தோன்றும் படி, முன்பு நடந்த ஒரு தவறைத் தடுக்க வந்ததாக இருக்கலாம்.

தலா ஐந்து பேர் கொண்ட இரு குழுக்கள் தனித்தனியாக இருந்தபோது, இருவர் இருவராகக் கணக்கிட்டால், மொத்தம் 20 இணைகளே பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். சேர்ந்து பத்துப் பேரானால் அது 45 ஆகிவிடும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிச் சமாளிக்க முடியாது. தினமும் 15 நிமிடம் கூடி, எது தடைபட்டு நிற்கிறது என்பதை மட்டும் பேசுங்கள்.

உரசல் வந்தால் பதறாதீர்கள். குழு உருவாகும் கட்டங்களை 1965இல் விவரித்த உளவியலாளர் புரூஸ் டக்மன், மோதலை இரண்டாவது கட்டமாகவே வைத்தார். அமைதிதான் கவலைக்குரியது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர் தனக்குத் தெரிந்ததை வெளியே சொல்லமாட்டார். எது முடிவாகிவிட்டது, எது முடிவாகவில்லை, எந்தத் தேதியில் தெரியும் என்ற மூன்றையும் வாரந்தோறும் அவர்களிடம் சொல்லுங்கள். அந்தத் தேதியில் முடிவு வராவிட்டாலும் அன்றே கூடி, வரவில்லை என்பதையும் அடுத்த தேதியையும் சொல்லிவிடுங்கள்.

ஆறாவது வாரம் பட்டியலை மறுபடி எடுத்து, யார் பெயரும் இல்லாத வரிகளையும், ஒருவர் பெயரே திரும்பத் திரும்ப வரும் வரிகளையும் முதலில் சரிசெய்யுங்கள்.