கைச்சாய நூலில் பின்னுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் எனக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். வீட்டிலேயே சாயமிட்டு விற்கும் ஒருவரிடம் வாங்கிய நூல். ஒரே பெயர் கொண்ட நீலத்தில் நான்கு சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றி முறுக்கிய நான்கு நூல்கட்டு. ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை இணைத்துப் பின்னிக்கொண்டே போனேன். இரவு விளக்கில் எதுவும் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால், மார்புக்குக் குறுக்கே கோடு கிழித்ததுபோல மேலே ஒரு நீலம், கீழே இன்னொரு நீலம். மூன்று வாரத்து வேலையைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

சாயமிட்டவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆலை நூலில் பெரிய தொட்டியில் மொத்தமாகச் சாயமேற்றி, எந்தத் தொட்டிச் சாயம் என்று காட்டும் லாட் எண்ணை உறையில் அச்சிடுவார்கள். ஒரே எண்ணாகப் பார்த்து வாங்கினால் போதும். கைச்சாயத்தில் ஒரு பாத்திரத்துக்குச் சில சிட்டங்கள்தான் போகும். தண்ணீர், சூடு, ஊறிய நேரம், சாயத்தை ஊற்றும் கை என எல்லாமே நிறத்தை மாற்றும். ஒரே பாத்திரத்திலிருந்து வந்தவைகூட அச்சு அசலாக இருக்காது. ஆகவே தேவையான நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள். ஸ்வெட்டர் என்றால் ஒரு சிட்டம் கூடுதலாகவே இருக்கட்டும். ‘போதாவிட்டால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது. எடையைப் பார்த்து வாங்குவதும் தவறு. 100 கிராம் மெல்லிய சாக்ஸ் நூலில் ஏறக்குறைய 400 மீட்டர் கிடைக்கும். அதே 100 கிராம் தடித்த நூலில் 200 மீட்டர்தான் இருக்கும். மீட்டரைப் பாருங்கள்.

பின்னத் தொடங்கும் முன் எல்லாச் சிட்டங்களையும் முறுக்குப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முறுக்கிய சிட்டத்தில் உள்ளே இருக்கும் நிறம் வெளியே தெரியாது. பிறகு இரண்டு சிட்டங்களை மாற்றி மாற்றிப் பின்னுங்கள்: ஒன்றில் இரண்டு வரிசை, மற்றதில் இரண்டு வரிசை. ஓரத்தில் நூலைத் தொடர்ந்து கொண்டுவருவது கொஞ்சம் தொல்லைதான். ஆனால் வேறுபாடு துணி முழுவதும் பரவி, கண்ணில் படாமல் போய்விடும். ஒரு சிட்டம் மட்டும் தனித்துத் தெரிந்தால் அதைக் கழுத்துப் பட்டைக்கும் கை விளிம்புக்கும் ஒதுக்கிவிடுங்கள். வேண்டுமென்றே செய்ததுபோல அழகாக இருக்கும்.

அடுத்தது, பல நிறம் கலந்த நூல். சிட்டத்தில் பார்க்கும்போது மனதை அள்ளும். பின்னிய பிறகு ஒரே நிறம் திட்டுத்திட்டாகச் சேர்ந்து நிற்கும். பலர் இங்கேதான் மனம் உடைந்துபோகிறார்கள். காரணம் எளிது. சிட்டத்தை வட்டமாக வைத்துச் சாயம் ஊற்றுவதால், நிறங்களின் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே திரும்ப வரும். பெரும்பாலும் அந்தச் சுற்றின் நீளம் ஒன்றரை மீட்டரை ஒட்டி இருக்கும். நீங்கள் பின்னும் ஒரு வரிசைக்கும் கிட்டத்தட்ட அதே நீளம் நூல் செலவானால், சிவப்பின் மேல் சிவப்பும் பச்சையின் மேல் பச்சையும் வந்து அடுக்கிக்கொள்ளும். அதனால்தான் உடல் பகுதியில் ஒரு மாதிரியும், குறுகலான கைப் பகுதியில் வேறு மாதிரியும் தெரிகிறது. வரிசையில் நான்கைந்து கண்ணிகளை (பின்னல் வளையங்களை) கூட்டினாலோ குறைத்தாலோ திட்டு கலைந்துவிடும். சிட்டங்களை மாற்றிப் பின்னுவதும் இதற்கு நல்ல மருந்து.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, இப்படிப்பட்ட நூலில் நுணுக்கமான பூவேலையோ முறுக்கு வடிவமோ போடுவது. நிறமும் வடிவமும் ஒன்றையொன்று மறைத்துவிடும். உழைப்பு முழுவதும் வீண். ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் உள்ள நூல் பூவேலைக்கு ஏற்றது. பல நிற நூலுக்குச் சாதாரணப் பின்னலோ, கண்ணியைப் பின்னாமல் நகர்த்தும் பின்னலோ போதும். இரண்டு நிறத்தில் உருவம் பின்னப் போகிறீர்களா? சிட்டங்களைப் போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பின்னிய உருவமும் தெரியாது.

அளவு பார்க்க முதலில் ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னியும் ஏமாறுபவர்கள் உண்டு. துவைக்காமல் அளப்பதுதான் காரணம். கைச்சாயத்தில் அதிகம் கிடைப்பது சூப்பர்வாஷ் மெரினோ என்ற மென்மையான ஆட்டுக் கம்பளி. கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து சுருங்காதபடி பதப்படுத்தியது. அந்தப் பிடிப்பு போனதால், நனைந்ததும் நெகிழ்ந்து நீளும். துவைக்கும் முன் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். துவைத்த பின் அது 20 ஆனால், 220 கண்ணி கொண்ட ஸ்வெட்டர் 100 சென்டிமீட்டரிலிருந்து 110 சென்டிமீட்டராகிவிடும். மாதிரித் துண்டை ஊறவைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே அளந்து பாருங்கள். சூப்பர்வாஷ் அல்லாத கம்பளிக்கு எதிர்க் கவலை: வெந்நீரில் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

சிட்டத்தை உருண்டையாகச் சுற்றாமல் நேரடியாகப் பின்ன உட்காராதீர்கள், மாலைக்குள் சிக்காகிவிடும். சுற்றும்போது இறுக்கவும் வேண்டாம். நூல் இழுபட்டு நிற்கும்.

சாயம் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான வைத்தியம் பரவிக் கிடக்கிறது. பின்னி முடித்த துணியைக் குளிர்ந்த வினிகர் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் பயன்படும் அமிலச் சாயம் பிடிக்க அமிலமும் வேண்டும், கொதிநிலையை நெருங்கும் சூடும் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் அது நடக்காது. அடர் சிவப்பு, டர்க்காய்ஸ் போன்ற நிறங்களில் பிடிக்காமல் தங்கிய சாயம் முதல் துவைப்பில் வெளியேறுவது சகஜம். தண்ணீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் அலசினால் போதும். ஆனால் அதே துணியில் வெள்ளையும் இருந்தால் ஆபத்து. எனவே பின்னத் தொடங்கும் முன்பே ஒரு துண்டு நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்தச் சிட்டத்தை முதலில் அலசிக் காயவைத்துவிட்டுப் பின்னுங்கள். அவுரிச் சாயம் (இண்டிகோ) ஏற்றிய நூலைப் பின்னும்போது விரலில் நீலம் ஒட்டும். அது மேலே தங்கிய தூள், கழுவினால் போய்விடும்.

மென்மைக்கு மயங்கி, ஒற்றைப் புரி, அதாவது ஒரே இழையாலான மெரினோவில் சாக்ஸ் பின்னாதீர்கள். குதிகால் சீக்கிரம் ஓட்டையாகும். நன்றாக முறுக்கிய மூன்று நான்கு புரி நூல், அதில் நைலான் கலந்திருந்தால் இன்னும் நல்லது. ஒற்றைப் புரி சால்வைக்கு இருக்கட்டும்.

எப்படிப் பின்னுவது என்று டிசைனர் எழுதி விற்கும் வடிவக் குறிப்பையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். அவர் பயன்படுத்தியது பட்டு கலந்த நூல், உங்களிடம் இருப்பது முழுக் கம்பளி என்றால் துணி விழும் விதமே மாறும். திருத்தங்கள் வெளியாகியிருக்கின்றனவா என்று தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். குறிப்பை நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். மாதக்கணக்கில் பின்னி, பிரித்து, பல அளவுகளுக்குக் கணக்குப் போட்டு அவர் எழுதியது அது. அதன் விலைதான் அவருக்குக் கூலி.

மிச்ச நூலில் சில மீட்டரை அதன் பெயர்ச்சீட்டோடு சேர்த்து எடுத்து வையுங்கள். முழங்கையில் ஓட்டை விழும் நாளில் அதே நிறத்தைத் தேடினால் கிடைக்காது.