பழைய பாட்டா, புதிய பாட்டா: சரியாக ஒப்பிடுவது எப்படி

"இப்போது வரும் பாட்டெல்லாம் பாட்டா?" என்று கேட்பவர்கள், காலம் சலித்துத் தந்த பழைய பாடல்களை இன்னும் சலிக்காத இன்றைய குவியலோடு ஒப்பிடுகிறார்கள். 1975-லும் மட்டமான பாட்டுகள் வந்தன. அவற்றை இன்று யாரும் போடுவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் 1975, 2015 என இரண்டு ஆண்டுகளை எடுத்து, அந்தந்த ஆண்டின் முதல் 100 பாடல்களின் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி 20, 20 எடுங்கள். பிடித்ததைப் பொறுக்கினால் சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

அடுத்தது சத்தம், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே அது 'நன்றாக' இருப்பதாகக் காது சொல்லும். 1990-களிலிருந்து பதிவுகளை அழுத்தி அழுத்தி, அதாவது மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, சத்தத்தை ஏற்றிவிட்டார்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்தச் செயலியில், சத்தத்தைச் சமப்படுத்தும் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' திறந்து, எல்லாக் கோப்புகளையும் −23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதைவிடச் சத்தமான −14 வைத்தால் பழைய பதிவுகளின் டிரம் அடி உச்சத்தில் வெட்டுப்பட்டு, கரகரப்பு வரலாம். ரீமாஸ்டர் பதிப்பு (பழைய பதிவை மெருகேற்றி மறுபடி வெளியிட்டது) வேண்டாம்: பழைய பாட்டானாலும் அதில் இருப்பது பெரும்பாலும் புதிய அழுத்தம்தான். முதலில் வெளிவந்த பதிப்பையே தேடுங்கள்.

கோப்புகளுக்கு எண் மட்டும் இட்டு, வரிசையைக் கலைத்து, இரண்டு தலைமுறையினரைக் கேட்கச் சொல்லுங்கள். பதின்வயதில் கேட்ட பாட்டின் மீது யாருக்கும் தனிப் பாசம் உண்டு. தெரிந்த பாட்டு என்றால் அந்த மதிப்பெண்ணை நீக்குங்கள்.

மெட்டு, தாளம், வரிகள், இசைக்கோர்ப்பு என்று தனித்தனியாக மதிப்பிடுங்கள். 'தரம்' என்று ஒரே மதிப்பெண் கேட்டால் ரசனைதான் பதிலாக வரும்.