ஏரி நீரை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் மாதவரம், ரெட்டேரி, கொரட்டூர் ஏரிகளுக்கு மாதிரி எடுக்க வரும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் அச்சுப் பிசகாமல் தொடர்வதைக் காண்கிறேன். பாட்டிலைக் கழுவுவதையும் சீட்டு ஒட்டுவதையும் எவரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேரம் குறிக்காத ஆக்ஸிஜன்

பேருந்து பிடித்துக் கரைக்கு வந்து கருவியை நீரில் இறக்கும்போது பிற்பகல் இரண்டு மணி ஆகிவிடுகிறது. கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று காட்டியதும், ஏரி நலமாக இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். 30 டிகிரி வெப்பத்தில், காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். மிஞ்சியது, சாக்கடையின் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று கொழுத்த பாசி வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து வெளியிட்டது. அதே பாசியும் அடிச்சேற்றின் பாக்டீரியாக்களும் இரவு முழுவதும் சுவாசிப்பதால், விடிவதற்குச் சற்று முன் அளவு அதலபாதாளத்துக்கு இறங்குகிறது. “மீனு வெள்ளனே மேல வந்து வாயப் பொளக்குது சார், நீங்க மத்தியானம் வந்து மெஷின வுடுறீங்க” என்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னதைவிடத் தெளிவாக இதை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

மாதந்தோறும் அளந்த ஓராண்டு விவரங்களை ஒரு குழு என்னிடம் கொண்டுவந்தது. அட்டவணையில் நேரத்துக்கென்று ஒரு கட்டமே இல்லை. பாசி கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்ச உறிஞ்ச நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதியத்தில் 9-ஐயும் தாண்டும் என்பதால், நேரம் தெரியாத அந்த பி.எச். பத்தியும் உதவாமல் போயிற்று. இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்: கட்டத்தை நிரப்ப ஒரு கைக்கடிகாரம் போதும். ஒரே இடத்தில் விடியலுக்கு முன்னும் பிற்பகலிலும் அளவிடுங்கள். கருவிக்குப் பதிலாக வேதிப்பொருள் சேர்த்து ஆக்ஸிஜனை அளக்கும் விங்க்லர் முறையானால், காற்றுக்குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் கரையிலேயே சேர்த்துவிடுங்கள். ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டால், வழியிலேயே பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும்.

சேக்கி தட்டு

நீரின் தெளிவை அறிய இறக்கும் இந்தத் தட்டு எந்த ஆழத்தில் மறைகிறது என்பதை, கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பச்சைய மாதிரி

பாசியின் அளவை அறிய, அதன் பச்சையத்தை (குளோரோபில்) அளக்க எடுக்கும் நீருக்கு இருட்டும் ஐஸும் வேண்டும்.

ஆகாயத்தாமரை ஓரம்

இலைப்பரப்பின் அடியில் வெயிலும் காற்றும் படாத நீரை, கைக்கு எட்டுகிறது என்பதற்காகவே வாளியில் மொண்டு, அதை ஏரி முழுவதற்கும் பொருத்தக் கூடாது.

எண்ணூர்

கடல்நீர் கலக்கும் இந்தக் கழிமுகத்தில் அளக்கும்போது கருவியில் உப்பின் அளவைப் பதியாவிட்டால், ஆக்ஸிஜன் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.