பழைய படகு மெதுவாக ஆடினால் நல்ல படகு என்று நம்பிவிடாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் பழைய விசைப்படகுகள் அதிகம் கைமாறுவதும், இருக்கிற படகில் ஆளாளுக்கு ஒரு வேலை பார்ப்பதும் அப்போதுதான். இந்தச் சமயத்தில் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி படகின் ஆட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். "ரொம்ப உதறுது, என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களைப் பார்த்து நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. "பழைய போட்டுதான், ஆனா கடல்ல தொட்டில் மாதிரி போகுது" என்று சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். மாமாவும் நானும் சேர்ந்து வாங்கியது 50 அடி மரப்படகு, நடுவில் 15 அடி அகலம். வாங்குவதற்கு முன் ஒரு நாள் வெளியே கொண்டுபோய்ப் பார்த்தோம். நல்ல காற்று இருந்தும் படகு நிதானமாக ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாக மறுபக்கம் போனது, கையில் இருந்த டீ கூடச் சிந்தவில்லை, அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டோம். மூன்றாவது தங்கலில், அதாவது நாள்கணக்கில் கடலில் தங்கிப் பிடிக்கும் பயணத்தில், திரும்பி வரும்போது டீசல் பெரும்பாலும் தீர்ந்திருந்தது, நனைந்த வலை மேல்தளத்தில் குவிந்து கிடந்தது, பக்கவாட்டில் ஒரு அலை வாங்கியதும் படகு சாய்ந்து அந்தச் சாய்விலேயே ஒரு கணம் நின்றுவிட்டது. எங்களோடு வந்த, படகை ஓட்டும் தண்டல் பெரியவர் வேறெதுவும் சொல்லவில்லை. "தம்பி, இது சாஞ்சா எந்திரிக்க யோசிக்குது" என்றார். அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். சாய்ந்த படகை நிமிர்த்துகிற பலம் அதிகமாக இருந்தால் அது வெடுக்கென்று நிமிரும், ஆட்கள் காலூன்றி நிற்கமுடியாது, எரிச்சலாக இருக்கும். அந்தப் பலம் குறையக் குறைய ஆட்டம் மெதுவாகும், உடம்புக்குச் சுகமாகவும் இருக்கும். ஆக, பழைய படகில் சுகமான ஆட்டம் தெரிந்தால் அது அமைப்பு நன்றாக இருப்பதால் வந்த சுகமா, இல்லை வருடக்கணக்காக மேலே பாரம் ஏற்றி நிமிரும் பலத்தைத் தின்றுவிட்டதால் வந்த சுகமா என்று பார்க்க வேண்டும். உடம்புக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கடிகாரம்தான் வித்தியாசத்தைச் சொல்லும்.

அதை அளப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அலையில்லாத துறைமுகத் தண்ணீரில், பக்கத்துப் படகோ கரையோ இடிக்காத இடத்தில், தரை தட்டாத ஆழத்தில் கயிறுகளைத் தளர்த்திவிட்டுப் படகை நிறுத்த வேண்டும். கேபினுக்குள் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். நான்கு பேர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தாளம் தப்பாமல் நடந்து படகை ஆட்டிவிட்டு நடுவில் வந்து அசையாமல் நிற்கட்டும். குண்டு இடது கோடிக்குப் போய், வலது கோடிக்கு வந்து, மறுபடி இடது கோடிக்குத் திரும்பினால் அது ஒரு ஆட்டம். ஐந்து ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று கைபேசியில் பார்த்து ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். படகின் அகலம் எத்தனை மீட்டரோ, வினாடி அதைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தாண்டினால் யோசிக்க வேண்டும். எங்கள் படகின் அகலம் 4.6 மீட்டர், ஐந்து ஆட்டத்துக்கு ஆனது 35 வினாடி, அதாவது ஒரு ஆட்டத்துக்கு 7. அகலத்தை 0.8 ஆல் பெருக்கி, வினாடியால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் நிமிரும் பலத்தைக் காட்டுகிற மெட்டாசென்ட்ரிக் உயரம் தோராயமாக மீட்டரில் கிடைக்கும். எங்களுக்கு வந்தது 0.28 மீட்டர். ஒற்றைத் தள மீன்பிடிப் படகுக்குச் சர்வதேச விதிகள் கேட்கிற குறைந்தபட்சம் 0.35. மாமா அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அளவை டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றிக் கிளம்பும் நிலையில் மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது இன்னொரு தவறு. கிளம்பும்போது அடியில் நல்ல கனம் இருக்கும். நாள் போகப்போக டீசல் எரிந்துவிடும், ஐஸ் உருகிவிடும், வலையும் கயிறும் மேலே இருக்கும். பாடு, அதாவது மீன்வரத்து, சரியில்லாமல் மீன் அறை காலியாகத் திரும்பும் நாள்தான் பெரும்பாலும் படகுக்கு மிக மோசமான நாள், அந்த நிலையில் அளந்து பாருங்கள்.

மேலே என்னதான் சேர்ந்திருக்கிறது என்று ஒருநாள் பொறுமையாகப் பட்டியல் போடுங்கள். எங்கள் படகில் கேபின் கூரைமேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்தில் பழைய வலை, கேபினுக்கு மேலே முந்தைய உரிமையாளர் பலகையில் எழுப்பியிருந்த இன்னொரு சின்ன அறை, தளத்தில் ஐந்து டீசல் பீப்பாய். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வருடம் ஏதோ ஒரு வசதிக்காக ஏறியது, எதுவும் திரும்ப இறங்கவில்லை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன், பத்துப் பதினைந்து ஆட்கள் எந்நேரமும் கூரைமேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

சரி, அப்படியானால் அடியில் பாரம் போட்டால் போகிறது என்று அடுத்த தவறுக்குப் போகிறார்கள். அடிப்பாரம் தப்பில்லை, ஆனால் அதற்கு முன் மேல்பாரத்தை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு இன்னும் ஆழமாக உட்கார்ந்து, தளத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளிதான் குறையும். மணல் மூட்டை வேண்டவே வேண்டாம். அது ஒரு பக்கமாக நகரும், கிழிந்தால் மணல் போய் இறைக்கும் பம்பை அடைத்துவிடும். மரப்படகின் அடியில் சிமென்ட் கொட்டுவது அதைவிட மோசம். சிமென்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஈரம் தங்கி, படகின் விலா எலும்பு போன்ற வங்குக்கால்கள் உள்ளுக்குள்ளேயே மக்கும், பார்க்கவும் முடியாது, உடைத்து எடுக்கவும் முடியாது. இரும்புப் பாளங்களை வங்குகளுக்கு நடுவே, அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டைக்குப் பக்கத்தில், நகராதபடி கட்டி வைப்பதே சரி, பாளத்தைத் தூக்கிவிட்டு அடியைப் பார்க்கவும் வழி வேண்டும். அடிப்பாரம் போட்டால் ஆட்டம் வேகமாகும் என்பதையும் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "முன்னால நல்லா இருந்துச்சு, இப்ப உதறுது" என்பார்கள். உதறுவது நல்லதுதான் என்று அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும்.

உள்ளே அலைகிற தண்ணீர் தனிக்கதை. இன்ஜின் அறையின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் "பழைய படகு, கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். படகு சாயும்போது அந்தத் தண்ணீர் முழுக்கத் தாழ்ந்த பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்பதுதான் முக்கியம், அகலம் இரண்டு மடங்கானால் கெடுதல் எட்டு மடங்காகும். அதனால்தான் அரைகுறையாக நிரம்பிய ஒரு தொட்டியின் நடுவில், நீளவாக்கில் தண்ணீர் கடக்காத ஒரு தடுப்பு போட்டாலே கெடுதல் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. மீன் அறைக்கும் இதே கணக்குத்தான். தடுப்புப் பலகையை எடுத்துவிட்டு மீனையும் ஐஸ் தண்ணீரையும் ஒன்றாகக் கொட்டினால் அதுவும் தண்ணீர் மாதிரியே ஓடும்.

இதுவரை சொன்னது பக்கவாட்டு ஆட்டம். அணியம், அதாவது படகின் முன்முனை, குத்துவது வேறு. எதிர் அலையில் அணியம் தூக்கித் தூக்கி அடித்தால் முதலில் முனைகளில் இருக்கும் கனத்தைப் பாருங்கள். நங்கூரம், சங்கிலி, கயிற்றுச் சுருள், உதிரிச் சாமான் எல்லாம் அணியத்தில், பீப்பாய்கள் பின்முனையான அமரத்தில் என்று இரண்டு கோடியிலும் பாரம் இருந்தால் படகு ஒருமுறை ஆட ஆரம்பித்ததும் அடங்காது. பாரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாலே அணியம் அலையோடு சேர்ந்து எழும். ஆனால் பின்னால் வரும் அலையில் கரை திரும்பும்போது அணியம் தாழ்ந்திருக்கவே கூடாது, மூக்கைக் குத்திக்கொண்டு படகு திரும்பிவிடும், அலை பக்கவாட்டில் விழும்.

ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் தங்கள் படகு அலையில் அடிப்பதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் பெருகிய ஃபைபர் படகுகளில் நிறையவும் கடற்கரையில் ஏற்றி இறக்குவதற்கானவை. அடிப்பக்கம் தட்டையாக இருந்தால்தான் அலைவாயைத் தாண்டி மணலில் ஏற்றமுடியும், தட்டையாக இருந்தால் அடிக்கத்தான் செய்யும். 1960இல் அமெரிக்காவின் மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகரத்துக்கு நடந்த படகுப் பந்தயத்தில், ரே ஹன்ட் வரைந்த, அடிப்பக்கம் ஆழமான ஆங்கில வி எழுத்துப் போன்ற 'மோப்பி' என்ற படகு கரடுமுரடான கடலில் ஜெயித்தது. அதிலிருந்து வந்த பெர்ட்ரம் 31 படகை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் உண்டு. அது எதிர் அலையை வெட்டிக்கொண்டு மெத்தென்று போகும், ஆனால் நின்று தூண்டில் போடும்போது நன்றாக உருளும். எல்லாம் சேர்ந்த ஒரு அடிப்பக்கம் எங்கும் கிடையாது. தட்டை அடியில் அலை அடித்தால் வேகத்தைக் குறைத்து, அலையை நேராக வாங்காமல் சற்றுச் சாய்வாக வாங்குவதுதான் வழி, பெரிய இன்ஜின் மாட்டுவது வழியே அல்ல.

பழைய ஃபைபரில் இன்னொன்று, உள்ளே அடைத்திருக்கும் நுரை. மேலே ஒரு விரிசல், ஒரு ஆணி ஓட்டை போதும், வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, மணலில் ஏற்ற முன்பு எட்டுப் பேர் போதும், இப்போது பன்னிரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான் அறிகுறி. அடிப்பக்கத்தில் தாழ்வான இடத்தில் சிறு துளை போட்டுப் பாருங்கள், தண்ணீர் கசிந்தால் அந்த நுரையை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. துளையை மறக்காமல் மூடுங்கள்.

அதிர்வைப் பற்றிச் சுருக்கமாக. கரையில் ஏற்றி, இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் ஷாப்டை நேர்பார்த்துவிட்டு அப்படியே கடலுக்குப் போகாதீர்கள். மரப்படகு தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி, உடல் கொஞ்சம் உருமாறும். இரண்டு மூன்று நாள் மிதக்கவிட்டு, மிதக்கும் நிலையிலேயே மறுபடி ஷாப்ட் இன்ஜினோடு சேரும் கப்ளிங்கைச் சரிபார்க்க வேண்டும்.

எங்கள் படகில் மேல் அறையைப் பிரித்தோம், தண்ணீர்த் தொட்டியைக் கூரையிலிருந்து இறக்கி இரண்டாக்கி அடியில் வைத்தோம், பீப்பாய்களை எடுத்தோம், கடைசியாகத்தான் இரும்பு போட்டோம். இப்போது ஒரு ஆட்டம் ஐந்து வினாடியை ஒட்டி வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். ஒவ்வொரு முறை அளந்ததும் தண்டல் பெரியவர் கேபின் பலகையில் பென்சிலால் தேதியும் வினாடியும் எழுதி வைக்கிறார். யாராவது புதிதாக ஒரு சாமானைக் கூரைக்கு ஏற்ற வந்தால் அந்தப் பலகையைத்தான் காட்டுகிறார்.