உயிரியல் பிராக்டிகல்: வெங்காயத் தோல் முதல் ஆட்டு இதயம் வரை

புத்தகப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஸ்லைடைப் பார்ப்பதுதான் உயிரியல் செய்முறை வகுப்பில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். பல செல்களைப் பார்த்து, தெளிவானதைப் பொறுக்கி எடுத்து, தேவையில்லாததை நீக்கி வரைந்த படம் அது. உங்கள் ஸ்லைடில் மடிப்பு இருக்கும், காற்றுக் குமிழி இருக்கும், சாயம் ஏறாத இடமும் இருக்கும். கண்ணில் பட்டதை முதலில் வரையுங்கள். புத்தகத்தைத் திறந்து பெயர் போடுவது அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறாதபடி பார்த்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

நுண்ணோக்கியைத் தொடும் முன்

பள்ளி நுண்ணோக்கியில் பெரும்பாலும் 4, 10, 40 மடங்கு பொருளருகு லென்சுகளும் 10 மடங்கு கண்ணருகு லென்சும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் மொத்த உருப்பெருக்கம் 40, 100, 400 என்று கிடைக்கும். எந்த ஸ்லைடானாலும் 4 மடங்கில்தான் தொடங்க வேண்டும். நேராக 40 மடங்கு லென்சை வைத்துத் தேடினால் பார்வைப் பரப்பு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் பொருள் அகப்படாது. போதாக்குறைக்கு அந்த லென்சுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. பெரிய திருகைத் திருப்பினால் கவர் ஸ்லிப் நொறுங்கும், லென்சில் கீறல் விழும். பெரிய திருகு 4 மடங்குக்கு. 10 மடங்கிலிருந்து சிறிய திருகை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஸ்லைடு வைக்கும் மேடையை உயர்த்தும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். லென்சுக்கு அருகே வந்தபின் கண்ணருகு லென்சில் கண் வைத்து, மேடையைக் கீழே இறக்கியபடியே தெளிவு தேடுங்கள். ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் பிம்பம் வலப்பக்கம் போகும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். சாயமிடாத செல் ஒன்றும் தெரியவில்லை என்றால் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், மேடைக்கு அடியில் உள்ள டயாஃபிரத்தை மூடி வெளிச்சத்தைக் குறையுங்கள். ஒளி அதிகமாகப் பாய்ந்தால் நிறமற்ற செல்லின் ஓரங்கள் கரைந்துபோகும்.

வெங்காயத் தோல், கன்னச் செல்

சதைப்பற்றுள்ள வெங்காயச் செதில் ஒன்றை எடுத்து உடையுங்கள். குழிந்த உட்பக்கத்தில் கண்ணாடித்தாள் போன்ற சவ்வு பிரிந்து வரும். அதை உடனே வாட்ச் கிளாஸில் உள்ள நீரில் போட்டு, நீருக்குள்ளேயே 5 மி.மீ. சதுரமாக நறுக்குங்கள். காற்றில் வைத்து நறுக்கினால் சுருண்டு மடியும், பிறகு பிரிக்கவே முடியாது. சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு துளியில் ஒரு நிமிடம் வைத்து, நீரில் அலசி, ஸ்லைடில் ஒரு துளி கிளிசரின் மீது பரப்புங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு பக்கம் ஊன்றி, 45 பாகைச் சாய்வில் ஊசியால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் காற்று சிறைப்படும். கறுத்த தடித்த விளிம்போடு அச்சு வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழி. அதைச் செல் என்றோ உட்கரு என்றோ வரைந்த நோட்டுகள் ஆண்டுதோறும் வருகின்றன. ஊசியால் கவர் ஸ்லிப்பை லேசாக அழுத்திப் பாருங்கள், குமிழி இடம் மாறும்.

உட்கரு செல்லின் நடுவில் இல்லாமல் சுவரை ஒட்டிக் கிடப்பதைக் கவனியுங்கள். செல்சாறு நிரம்பிய பெரிய வாக்குவோல் அதை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது. பசுங்கணிகத்தைத் தேடாதீர்கள், வெங்காயச் செதிலின் இந்தச் சவ்வில் அது இல்லை. சிவப்பு வெங்காயம் கிடைத்தால் செதிலின் வெளிப்பக்கத் தோலைச் சாயமில்லாமல் வைத்துப் பாருங்கள். 100 மி.லி. நீரில் 5 கிராம் உப்புக் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் ஒரு துளி விட்டு, மறுபக்கம் ஃபில்டர் பேப்பரால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிற உள்ளடக்கம் சுவரை விட்டுச் சுருங்குவது கண்ணெதிரே நடக்கும். பிளாஸ்மா சிதைவைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

கன்னச் செல்லுக்குப் புதிய காட்டன் பட்ஸால் உட்கன்னத்தை மென்மையாக உருட்டி எடுத்தால் போதும், சுரண்ட வேண்டாம். 0.9% உப்புக் கரைசல் ஒரு துளியில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சிறு துளி விடுங்கள். வெறும் நீரில் செல் ஊதிவிடும் என்பதால்தான் உப்புக் கரைசல். செல்கள் குவியலாகத் தெரிந்தால் தடவியது தடிப்பு. தனித்துக் கிடக்கும் செல்லைத் தேடி வரையுங்கள். அவரவர் கன்னம் அவரவருக்கே. பயன்படுத்திய பட்ஸையும் ஸ்லைடையும் பிளீச்சிங் கரைசலில் போட வேண்டும்.

குறுக்குவெட்டு: பொறுமை வேண்டிய இடம்

தண்டின் குறுக்குவெட்டில் பலர் தோற்பதற்குத் தண்டைத் தேர்ந்தெடுப்பதே முதற்காரணம். நுனித் தண்டில் நீரைக் கடத்தும் சைலம் சரியாக உருவாகியிருக்காது. முதிர்ந்த தண்டு பிளேடுக்கு மசியாது. சூரியகாந்தியிலோ அதுபோன்ற செடியிலோ நுனியிலிருந்து மூன்று நான்கு கணு கீழே, பென்சில் கனத்துக்கு மேற்படாத பகுதியாகப் பார்த்து 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய வேரையோ இலையையோ தனியாகப் பிடித்து வெட்ட முடியாது. கேரட் துண்டை நெடுக்காகக் கீறி, அதற்குள் செருகி, கேரட்டோடு சேர்த்துச் சீவுங்கள்.

பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பெருவிரல், வெட்டும் முகத்தைவிட ஒரு செ.மீ.யாவது கீழே இருக்கட்டும். பிளேடு வழுக்கினாலும் விரலில் படாது. தண்டின் முகத்தையும் பிளேடையும் நனைத்துக்கொண்டு, பிளேடைப் படுக்கையாக வைத்து, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பில் சீவுங்கள். ரம்பம்போல முன்னும் பின்னும் இழுத்தால் செல்கள் கிழியும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்காமல் இருபது முப்பது வெட்டுகளைத் தொடர்ந்து எடுத்து நீரில் விடுங்கள். அதற்குப் பிறகு, அடியில் வைத்த எழுத்து தெரியுமளவுக்கு மெலிந்தவற்றைப் பிரஷால் பொறுக்குங்கள். இடுக்கியால் எடுத்தால் நசுங்கும். முழு வட்டமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. கனமான முழு வட்டத்தைவிட மெல்லிய அரை வட்டம் ஆயிரம் மடங்கு மேல்.

1% சாஃப்ரனினில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு சாயம் கழன்று நீர் தெளியும் வரை அலசல், கிளிசரினில் ஏற்றல். லிக்னின் என்ற கடினப்பொருள் படிந்த சைலமும் தாங்கு திசுவான ஸ்கிளிரென்கைமாவும் அடர் சிவப்பாக நிற்கும், மெல்லிய சுவருள்ள பாரன்கைமா வெளிறித் தெரியும். எல்லாமே சிவப்பாக இருந்தால் அலசியது போதவில்லை, அல்லது வெட்டு தடிப்பு. ஒரு பக்கச் செல்கள் மட்டும் நீள்வட்டமாகத் தெரிந்தால் பிளேடு சாய்ந்திருக்கிறது.

சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் சேர்ந்த வாஸ்குலார் கற்றைகள் வளையமாக அமைந்திருந்தால் இருவித்திலைத் தண்டு. மக்காச்சோளத்தைப் போல் சிதறிக் கிடந்தால் ஒருவித்திலைத் தண்டு. வேரா தண்டா என்ற சந்தேகம் வந்தால் வடிவத்தைப் பார்த்து ஊகிக்காமல் சைலத்தைப் பாருங்கள். முதலில் உருவான, சிறிய துளையுள்ள புரோட்டோசைலம் மையத்தை நோக்கி இருந்தால் அது உள்நோக்கு சைலம், தண்டு. வெளிப்புறத்தை நோக்கி இருந்தால் வெளிநோக்கு சைலம், வேர். வேரில் சைலமும் ஃபுளோயமும் வெவ்வேறு ஆரங்களில் மாறி மாறி நிற்பதும் தெரியும். தேர்வில் இந்த ஒரு குறிப்பை எழுதினால் அடையாளம் காட்டுவதற்கு வேறு சான்று வேண்டாம்.

இலைத்துளைகளை எண்ண வேண்டுமென்றால் தோலை உரிக்கத் தேவையில்லை. ரோமமில்லாத இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் உலரவிட்டு, செல்லோ டேப்பால் ஒற்றி எடுத்து ஸ்லைடில் ஒட்டுங்கள். கிடைப்பது அச்சுப்பதிவு மட்டுமே. உட்கருவும் பசுங்கணிகமும் அதில் தெரியாது. அவரை விதை வடிவக் காப்புச் செல்கள் தெரியும். புல் வகைகளில் அவை இருமுனையும் பருத்த டம்பெல் வடிவம். 400 மடங்கில் பார்வைப் பரப்பின் விட்டம் 0.45 மி.மீ. என்றால் பரப்பளவு ஏறத்தாழ 0.16 ச.மி.மீ. அதில் 20 துளைகள் இருந்தால் ஒரு ச.மி.மீ.க்கு 125. ஒரே இடத்தை எண்ணி நிறுத்தாமல் ஐந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள்.

பூவைப் பிரித்தல்

செம்பருத்தி பூவெனில் ஐந்தே இதழ் உள்ள ஒற்றை அடுக்குப் பூவாக எடுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பல இதழ்களாகத் திரிந்திருப்பதால் கணக்கு உதைக்கும். வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் பிரியுங்கள்: புறப்புல்லி, புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம். இதழை இழுக்கும்போது மகரந்தத்தாள் குழலும் கூடவே வந்தால் பதற வேண்டாம். அல்லிகள் அந்தக் குழலின் அடியோடு இணைந்திருப்பதே அதன் இயல்பு; அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குழலை நெடுக்காக ஊசியால் கீறினால் உள்ளே சூல்தண்டு ஓடுவது தெரியும், நுனியில் ஐந்து சூல்முடிகள். சூற்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகளும், சூல்கள் நடு அச்சில் ஒட்டியிருக்கும் அச்சு சூல் ஒட்டுமுறையும் காணலாம். பட்டாணிப் பூவில் ஒரு கொடி இதழ், இரண்டு சிறகு, மற்ற இரண்டு இதழ்கள் சேர்ந்த படகு. படகைத் திறந்து மகரந்தத்தாள்களை எண்ணுங்கள், ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனித்தும் இருக்கும்.

உயிருள்ள விலங்கு

மண்புழுவை ஈரத்தாளின் மீது மட்டுமே வையுங்கள். தோலால் சுவாசிக்கும் உயிர் அது; தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். கைகளில் சோப்போ உப்போ இருக்கக் கூடாது. தடித்த வளையமான கிளைடெல்லம் எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அதுவே தலைப்பக்கம். வயிற்றுப்பக்கத்தை வாலிலிருந்து தலை நோக்கி விரலால் மெல்லத் தடவினால் சொரசொரப்பாக உணர்வது சீட்டாக்கள் என்ற சிறு முள்மயிர்கள். சுருங்கி நீளும் அலை எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனித்து எழுதுங்கள். பத்து நிமிடம் போதும், எடுத்த மண்ணிலேயே திரும்ப விட்டுவிடுங்கள்.

ஆட்டு இதயம்

மனித இதயத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஆட்டு இதயத்துக்கு ஈடான பாடம் இல்லை. அறைகளும் வால்வுகளும் அவ்வளவு நெருக்கம். வாங்கும்போது மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்காமல், கீறல் போடாமல் முழுதாகத் தரச் சொல்லுங்கள். வழக்கமாக அவற்றை வெட்டி எறிந்துவிடுவார்கள், அப்படியானால் பாதிப் பாடம் போய்விடும். அன்றே வாங்கிக் குளிரில் வைத்தது போதும். கையுறை அணிந்து, குழாய்களின் வழியே நீரைப் பாய்ச்சி உறைந்த ரத்தக் கட்டிகளை வெளியேற்றுங்கள். வெட்ட மனம் ஒப்பாத மாணவரை வற்புறுத்த வேண்டாம். மாதிரியை வைத்தும் கற்கலாம்.

முன்பக்கம் எது என்று முடிவுசெய்வதுதான் முதல் வேலை. கொழுப்பும் ரத்தக்குழாயும் கொண்ட பள்ளம் ஒன்று குறுக்காக இறங்கும் பக்கம் முன்பக்கம். விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, நுனி வரை இறங்குவது இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறை. முன்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது அது உங்கள் வலப்பக்கம் இருக்கும். படத்திலும் அப்படித்தான்: உடம்பின் இடம், பக்கத்தின் வலம். இதை மறந்து பெயர்களை மாற்றிப் போடுவது மிகச் சாதாரணமான பிழை.

வெட்டும் முன் ஒன்றைச் செய்யுங்கள். பெருந்தமனியை இதயத்துக்கு மேல் 2 செ.மீ. விட்டு நறுக்கி, இதயத்தின் நுனியைக் கீழே வைத்துப் பிடித்து, தமனிக்குள் நீரை ஊற்றுங்கள். அரைச்சந்திர வால்வின் மூன்று இதழ்களும் ஊதிச் சேர்ந்து வழியை அடைக்கும். நீர் மெல்ல இறங்கினால் வால்வு பழுது என்று நினைக்காதீர்கள், இதழ்களுக்குச் சற்று மேலே கரோனரி தமனிகளின் வாய்கள் இருக்கின்றன.

நுரையீரல் தமனிக்குள் மழுங்கிய குச்சியைவிட்டால் அது வலது வெண்ட்ரிக்கிளுக்குள் இறங்கும். குச்சியையே வழிகாட்டியாக வைத்து, பள்ளத்துக்கு இணையாக, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் திறவுங்கள். மூவிதழ் வால்வையும் அதைப் பிடித்திருக்கும் நாண்களையும் அறுக்காமல் பாருங்கள். இடைச்சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் பாலம்போல் ஒரு தசைப்பட்டை போகும், அது இயல்பானதே. இடப்பக்கத்தை மேலறையான ஆரிக்கிளிலிருந்து நுனி வரை வெளிச்சுவர் வழியாக வெட்டுங்கள். இப்போது இரண்டு வெண்ட்ரிக்கிள் சுவர்களையும் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் வலது சுவர் மெல்லிசு, உடம்பு முழுவதற்கும் தள்ளும் இடது சுவர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. முடிந்ததும் கருவிகளையும் மேசையையும் சோப்பாலும் பிளீச்சாலும் கழுவுங்கள். வெட்டிய இதயத்தைச் சமைக்கக் கூடாது.

உங்கள் உடம்பே மாதிரி

மணிக்கட்டில் நாடி பார்க்க ஆட்காட்டி விரலும் நடுவிரலும்; பெருவிரலுக்குத் தனித் துடிப்பு இருப்பதால் அது குழப்பும். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிசகு நான்காகிவிடும், ஆகவே ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். உடற்பயிற்சிக்குப் பிறகோ இதற்கு நேர்மாறு: நாடி வேகமாகத் தணிவதால் உடனடியாக 15 விநாடிதான் எண்ண வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும்.

குருட்டுப் புள்ளிக்கு, தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இடப்புறம் ஒரு கூட்டல் குறி, வலப்புறம் ஒரு கரும்புள்ளி போடுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல நெருக்கினால் ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் புள்ளி மறையும். மறையவில்லை என்றால் கண் புள்ளியின் பக்கம் நழுவியிருக்கும்.

எலும்புகளில் முதுகெலும்பு முள்களைப் பிரித்தறிவது பலருக்குத் தலைவலி. பக்க நீட்சியில் துளை இருந்தால் கழுத்து முள், விலா எலும்பு பொருந்தும் வழவழப்பான தடம் இருந்தால் மார்பு முள், இரண்டும் இல்லாமல் உடல் பருத்திருந்தால் இடுப்பு முள். எண்ணிக்கை 7, 12, 5.

ரெக்கார்டில் வரைவது

கூர்மையான பென்சில், ஒரே கோடு, நிழல் தீட்டல் இல்லை. அரைப் பக்கமாவது பிடிக்கும் அளவு வரையுங்கள். பெயர்க்கோடுகளை ஸ்கேல் வைத்து, ஒன்றையொன்று வெட்டாமல், ஒரே பக்கமாகக் கொண்டுவாருங்கள். பார்க்காத உறுப்பைப் படத்தில் சேர்க்காதீர்கள்.

படத்தின் கீழே 400 மடங்கு என்று எழுதுவது எங்கும் காணப்படும் தவறு. அது நுண்ணோக்கியின் உருப்பெருக்கம். உங்கள் படத்தினுடையது அல்ல. படத்தில் உள்ள நீளத்தை உண்மையான நீளத்தால் வகுத்தால்தான் படத்தின் உருப்பெருக்கம் கிடைக்கும். 4 மடங்கு லென்சின் கீழே ஒளிபுகும் ஸ்கேலை வைத்துப் பார்வைப் பரப்பின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 4.5 மி.மீ. என்றால் 40 மடங்கு லென்சில் பத்தில் ஒரு பங்கு, 0.45 மி.மீ. 10 மடங்கு லென்சில் பார்க்கும்போது அது 1.8 மி.மீ.; அந்த விட்டத்தின் குறுக்கே வெங்காயச் செல்கள் நெடுக்காக ஆறு அடங்கினால் ஒரு செல்லின் நீளம் 0.3 மி.மீ. அதை நோட்டில் 6 செ.மீ. நீளத்துக்கு வரைந்திருந்தால் படத்தின் உருப்பெருக்கம் 200 மடங்கு.