எழுதியதை வெளியிடத் தயங்குபவர்களுக்கு

சேலத்தில் எனக்குத் தெரிந்த எழுத்தாளர்கள் பலர் கட்டுரையை முழுவதுமாக முடித்துவிடுகிறார்கள். இணையத்தில் ஏற்றும் நேரத்தில், சொந்தக் கருத்தைச் சொல்லும் பத்தியை மட்டும் அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தப் பத்திதான் கட்டுரையின் உயிர் என்பதால், அதை அழிக்காமல் காப்பாற்றும் வழியை எழுதுகிறேன்.

முதலில், யாருக்கு அஞ்சுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'நாலு பேர்' என்று பொதுவாக எழுதாமல், மேலதிகாரியா, சித்தப்பாவா, வீட்டு உரிமையாளரா என்று குறிப்பாக எழுத வேண்டும். சித்தப்பாவிடம் முன்கூட்டியே நேரில் சொல்லிவிடலாம். தமிழக அரசு ஊழியராக இருந்தால், 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அடுத்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கண்டது, கேட்டது, நினைப்பது ஆகிய மூன்றையும் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கோடை விழாக் காலத்தில் வாகனங்கள் நின்றுவிடுவதைப் பற்றி எழுதியபோது, வெளியூர் வண்டிகளால் மலை மக்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். நெரிசல் நான் கண்டது. பயன் இல்லை என்பது யாரோ சொல்லக் கேட்டது. ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் பலகாரம் விற்கும் அம்மா ஒருவர் அந்தக் கட்டுரையைத் தம் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்த வண்டிங்க வந்தாத்தான் எங்க வீட்டுல உலை ஏறும் கண்ணு" என்றார். அவர் என் கருத்தை மறுக்கவில்லை, நான் விசாரிக்காமல் விட்ட செய்தியைத்தான் திருத்தினார் என்பது புரிந்த பிறகு, கருத்துச் சொல்வதில் எனக்கிருந்த அச்சத்தில் பாதி நீங்கிவிட்டது. ஆகவே 'கேட்டது' என்ற வகையில் விழும் ஒவ்வொரு வாக்கியத்தையும் விசாரித்து உறுதிசெய்யுங்கள், முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள். 'நினைப்பது' என்ற வகையை மட்டும் தொடாதீர்கள். அதில் 'என் பார்வையில்' என்பதை ஒருமுறை சொன்னால் போதும். வரிக்கு வரி சொன்னால் எழுத்து கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

சட்டத்தை எண்ணி அஞ்சுபவர்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என அறிவித்தது. ஆனால் அவதூறு இன்றும் குற்றமே; இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பொது ஊழியர் தம் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்துடன் சொல்லும் கருத்து அதே பிரிவில் விதிவிலக்கு பெறுகிறது. எனவே ஓர் அலுவலரின் செயலைப் பற்றித் தயங்காமல் எழுதுங்கள். அவர் கையூட்டு வாங்கினார் என்பதைச் சான்று இல்லாமல் எழுதாதீர்கள்.

வெளியிடுவதற்கு முன், உங்கள் கருத்தால் மிகவும் வருந்தக்கூடியவர் எதிரில் அமர்ந்திருப்பதாக நினைத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சுடுசொல் இருக்கும். சொல்லை மாற்றுங்கள், கருத்தை மாற்றாதீர்கள். கோபத்தில் எழுதியதை மறுநாள் காலை வரை வைத்திருங்கள்.

வெளியிட்ட பிறகு, வசைகளுக்குப் பதில் எழுத வேண்டாம். தவறைச் சுட்டுபவருக்கு அன்றே நன்றி சொல்லி, பழைய வரியை ஒளிக்காமல், திருத்தத்தைத் தேதியுடன் கட்டுரையின் அடியிலேயே சேருங்கள். பலகாரக்கடை அம்மா சொன்னதை நானும் அப்படித்தான் சேர்த்தேன், நெரிசலைப் பற்றிய என் கருத்து அதற்கு மேலே இன்றும் அப்படியே இருக்கிறது.