கருவாட்டு வியாபாரத்துக்கு மாதச் சந்தா மென்பொருள் எதற்கு? கூகுள் ஷீட் போதும்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கருவாடு காயப்போட்டு விற்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கீழக்கரை, தொண்டிக்காரர்களுக்கும் ஒத்துவரும். தேவை மூன்றுதான்: கூகுள் ஷீட்ஸ், வாட்ஸ்அப் பிசினஸ், ஒரு யூபிஐ க்யூஆர் அட்டை. மூன்றுமே காசில்லாமல் கிடைக்கும். ஜிமெயில் திறப்பது, ஆப் இறக்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும். கடைக்கென்று தனி ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஷீட்டைத் திறந்து தலைப்பு போடுங்கள்

தேதி, சரக்கு, வகை, கிலோ, தொகை, ஆள், பாக்கி. இவ்வளவு போதும். ‘வகை’யில் மூன்றே மூன்று: பச்சையாக வாங்கியது, காய்ந்து வந்தது, விற்றது.

நடுவில் இருக்கும் ‘காய்ந்து வந்தது’தான் முக்கியம். சாதாரண பில்லிங் ஆப்கள் வாங்கியதிலிருந்து விற்றதைக் கழித்து இருப்பு காட்டும். கருவாட்டில் அந்தக் கணக்கு உதவாது. தண்ணீர் வற்றி எடை குறைந்துவிடும். ஆப்போ இல்லாத சரக்கை இருப்பதாகச் சொல்லும். காய்ந்ததும் ஒருமுறை தராசில் வைத்து எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எவ்வளவு வீணாகிறது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

2. சரக்குப் பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள்

ஒருவர் நெத்திலி என்பார், இன்னொருவர் நெத்தலி என்பார். அவசரத்தில் ‘வாளை’யில் காலுக்குப் பதில் ‘ர’ விழுந்து ‘வரளை’ ஆகும். நமக்குப் புரியும், ஷீட்டுக்கு அவை வேறு வேறு மீன். கம்ப்யூட்டரில் டேட்டா மெனுவுக்குள் டேட்டா வேலிடேஷன் போய், டிராப்டவுன் வைத்து, பெயர்களை ஒருமுறை எழுதிவிடுங்கள். அப்புறம் போனில் தொட்டு எடுத்தால் போதும். ‘வகை’க்கும் இதையே செய்யுங்கள்.

3. தேதி: என்னை அதிகம் படுத்தியது இதுதான்

புது ஷீட்டின் லொகேல், அதாவது எந்த நாட்டு முறையில் தேதி எழுதுவது என்ற அமைப்பு, பல நேரம் அமெரிக்காவாக இருக்கும். அங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். ஏப்ரல் 5 என்று நினைத்து 05/04/2025 அடித்தால், ஷீட் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகே போகாத மே மாதத்தில் கொள்முதல் குவிந்திருந்தால் கோளாறு இதுதான்.

13-ஆம் தேதி முதல் வேறு கூத்து. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் 15/04/2025-ஐ வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி: ஒழுங்கான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் போய்விடும்.

ஃபைல், செட்டிங்ஸ், லொகேல், இந்தியா. முதல் வரி எழுதும் முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே தப்பாகப் பதிந்த தேதிகள் தானாகத் திரும்பாது. ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

4. கரையில் டவர் இல்லாவிட்டால்

ஷீட்ஸ் ஆப்பில் கோப்புக்குப் பக்கத்து மூன்று புள்ளியைத் தொட்டு ஆஃப்லைன் வசதியைப் போடுங்கள். ஏலத்தில் நின்றே எழுதலாம். டவர் வந்ததும் ஏறிவிடும். கூகுள் ஃபார்ம் அழகாக இருக்கும், ஆனால் நெட் இல்லாமல் அனுப்ப முடியாது. அதனால் கரைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

5. கூட்டிப் பார்ப்பது

ஃபார்முலா வேண்டாம். இன்சர்ட் மெனுவில் பிவட் டேபிள், அதுவே வகைவாரியாகக் கூட்டிக் காட்டும் அட்டவணை. ரோஸில் சரக்கு, காலம்ஸில் வகை, வேல்யூஸில் கிலோ. ‘காய்ந்து வந்தது’ கழித்தல் ‘விற்றது’, அதுதான் கையிருப்பு. தடைக்காலத்தில் விலை ஏறும்போது எதை நிறுத்தி வைக்கலாம் என்று இதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுங்கள், அடிக்கடி கேட்கும் விலைக்குக் குயிக் ரிப்ளை வையுங்கள். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முறையான பில் கேட்கும் வாடிக்கையாளர் வந்தால் ஸோஹோ இன்வாய்ஸ் பாருங்கள், அதுவும் இலவசம்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

பிவட்டில் ‘வாளை’ இரண்டு வரியாக வருகிறதாம், எழுத்தும் ஒன்றேதானாம். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். பழைய வரிகளைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டேட்டா கிளீனப், ட்ரிம் வொயிட்ஸ்பேஸ் கொடுங்கள்.

கடைப்பையன் வரியை அழித்துவிட்டால்? ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது, முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் லிங்க் வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்று மட்டும் பகிராதீர்கள். ஆளின் ஜிமெயிலைப் போட்டுப் பகிருங்கள்.

மெயில் வரவில்லை என்று ஒருவர் சொன்னார். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி, அது நிறைந்துவிட்டால் மெயில் வராது. மெயில், போட்டோ, டிரைவ் எல்லாம் அதற்குள்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் சேரும். பேக்கப் செட்டிங்கில் வீடியோவை எடுத்துவிடுங்கள், காலை வணக்க வீடியோக்களுக்கு அங்கே இடம் கொடுக்க வேண்டியதில்லை.